கார்புரேட்டரைத் தின்ற கோழிகள்

மெயின் ஜெட்டைக் காணோம்.

முற்றத்து மேசையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளின் மேல் கார்புரேட்டரின் மற்ற உறுப்புகள் எல்லாம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. மிதவை இருந்தது, ஊசி இருந்தது. திருகுகளும் சுருள்கம்பிகளும் இருந்தன. பெட்ரோலில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து ராதிசாவ் மினுக்கி வைத்த பித்தளைத் துண்டுகள் எல்லாமே இருந்தன. சுண்டுவிரல் நகமளவு ஜெட் மட்டும் இல்லை. அதன் நடுவில் ஊசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை. எஞ்சினுக்குப் போகிற பெட்ரோல் அந்த ஓட்டை வழியாக அளவாகப் போக வேண்டும். அது இல்லாவிட்டால் லாரி என்பது சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி.

"ஒரு வாஷர் எடுக்கக் கொட்டகைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள!" ராதிசாவ் வானத்தைப் பார்த்து முழங்கினார். "என் முற்றத்துல, என் மேசையில, பட்டப்பகல்ல!"

வால்நட் மர நிழலில் ராஸ்பெரித் தட்டுகள் அவர் தலைக்குமேல் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. விடியற்காலையிலிருந்து பறித்தது. மனைவி தெசான்கா இன்னும் தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் குளிர்பதனக் கிடங்கின் கதவைச் சாத்துவதற்குள் போய்ச் சேராவிட்டால், அத்தனையும் நாளைக் காலையில் கஞ்சி.

லாரி நாலு நாளாக மேட்டில் ஏற மறுத்து இருமியது. டவுன் மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இதுக்கு கார்புரேட்டர் வேணும்னா மியூசியத்துலதான் கேக்கணும்" என்றான். அந்தச் சிரிப்பைத்தான் ராதிசாவால் ஜீரணிக்க முடியவில்லை. அவன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இந்த லாரியை ஓட்டுகிறவர் அவர். தானே பிரித்து, தானே கழுவி, தானே டியூன் செய்து, அவன் கடை வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போவதாகத் திட்டம்.

"தம்பி, எதையாவது தேடுறியா?"

பக்கத்து வீட்டு மிலுங்கா. வேலி இடுக்கு வழியாக நுழைந்துவிட்ட தன் கோழிகளை ஏப்ரனை உதறி உதறி விரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெட்டைத் தேடுறேன் அக்கா! பித்தளை. பளபளன்னு இருக்கும். இவ்வளவுண்டு."

மிலுங்கா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "கடவுளே! பளபளன்னா? அந்தப் புள்ளிக் கோழி உன் மேசையில ஏறி எதையோ கொத்துச்சே! ரொட்டித் துணுக்குன்னுல்ல நெனச்சேன்!"

ராதிசாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "உன் கோழி என் கார்புரேட்டரைத் தின்னுச்சா?"

"அதுக்கு என்ன தெரியும், வாயில்லாத ஜீவன்."

"வாயில்லாததுதான் என் ஜெட்டை முழுங்கிச்சா?"

பாய்ந்து கோழியைப் பிடித்தார். அவசரத்துக்குக் கொட்டகையிலிருந்த காந்தத்தை எடுத்து அதன் வயிற்றில் வைத்துப் பார்த்தார். பித்தளையைக் காந்தம் இழுக்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல. கோபத்தில் மறந்துவிட்டது. பிறகு தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். கோழி கக்கவில்லை. வேறு வழியாகப் பதில் சொன்னது. கழுவித் துடைத்து வைத்திருந்த கார்புரேட்டரின் மேலேயே சொன்னது.

"அறுத்துப் பாத்துடுறேன்" என்றார் ராதிசாவ், பல்லைக் கடித்துக்கொண்டு.

மிலுங்கா ஏப்ரனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அறு தம்பி, அறு. ஏழை வீட்டுக் கோழிதானே. முட்டையா போட்டுத் தள்ளுற கோழி."

"அழாதே! உன் கோழிக்கு என் கோழி. கூண்டுல இருக்கிறதுல ஒண்ணை எடுத்துக்க. நியாயம்னா நியாயம். ராதிசாவ் யாருக்கும் கடன் வைக்கிறவன் இல்ல!"

கூண்டில் தெசான்கா வசந்தத்தில் வாங்கி வளர்த்த பழுப்பு விடைக்கோழிகள் இருந்தன. இப்போதுதான் முட்டையிட ஆரம்பித்திருந்தன. மிலுங்கா ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்து, இறக்கையை விரித்துப் பார்த்து, ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

புள்ளிக் கோழியின் இரைப்பையில் கூழாங்கற்களும், ஒரு கண்ணாடிச் சில்லும், ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன.

"ஐயோ, இது எங்க வீட்டுக்காரர் பொத்தான்!" என்று வேலிக்கு அப்பாலிருந்து மகிழ்ந்தாள் மிலுங்கா.

"என் ஜெட் எங்கே?"

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "அப்போ புள்ளிக் கோழி இல்லையோ? மேசைமேல ஏறினது இது. ஆனா கொத்தினது... கழுத்துல முடியில்லாம ஒண்ணு சுத்துமே, அதுவா இருக்கும். ஆமா, அதுதான். ஓடும்போது தொண்டையில என்னமோ சிக்கின மாதிரி இருந்துச்சு."

மொட்டைக்கழுத்தும் போயிற்று. கூண்டிலிருந்து இன்னொரு பழுப்புக் கோழி வேலி தாண்டியது. மொட்டைக்கழுத்தின் வயிற்றில் சோளமும் மண்ணும்தான்.

"வெள்ளையா இருக்குமோ?" என்றாள் மிலுங்கா, தயங்கித் தயங்கி. "வேண்டாம் தம்பி. அது பாவம், நொண்டி."

"நொண்டின்னா திருடாதா?" என்று ராதிசாவ் உறுமினார். முழங்கைவரை ரத்தம், மீசையில் இறகு. "ஊர்ல கோழி வளக்கிறவங்க எல்லாம் கட்டுத்திட்டமா வளக்கலையா? உன்னுதுங்க மட்டும் ஏன் பக்கத்து வீட்டு எஞ்சினைத் தின்னுது? வெள்ளையைக் கொண்டா!"

வெள்ளையும் வெறும் வயிறு.

இந்த இடத்தில் ராதிசாவின் பொறுமை அறுந்துவிட்டது. "இன்னும் எத்தனை வச்சிருக்கே? எல்லாத்தையும் கொண்டு வா! ஒண்ணு விடாம கொண்டு வா! எல்லாத்துக்கும் பதில் கோழி தரேன், போதுமா?"

"எல்லாத்தையுமா?" மிலுங்காவின் குரல் நடுங்கியது. "நீ சொன்னா சரி தம்பி. உன் மனசு நோகக் கூடாது."

மதியம் ஆனபோது மிலுங்காவின் பழைய கோழிகள் அத்தனையும் மேசையில் கால் நீட்டிக் கிடந்தன. தெசான்காவின் கூண்டில் ஒரே ஒரு பழுப்புக் கோழி, திருவிழா முடிந்த மைதானத்தில் தொலைந்த குழந்தை மாதிரி விழித்துக்கொண்டு நின்றது. ஜெட் கிடைக்கவில்லை.

ராஸ்பெரித் தட்டுகளின் அடியிலிருந்து சிவப்புச் சாறு சொட்டத் தொடங்கியிருந்தது.

"ஜெட் இல்லாட்டி என்ன?" ராதிசாவ் தனக்குத்தானே சவால் விட்டுக்கொண்டார். "காத்தும் பெட்ரோலும் கலக்குற திருகை இறுக்கி வச்சு சமாளிச்சுக்கறேன்." கார்புரேட்டரைப் பூட்டினார். திருகைக் கடைசிவரை இறுக்கி, ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினார். ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

தடுக்க ஆளில்லாத பெட்ரோல் குடம் கவிழ்த்த மாதிரி உள்ளே இறங்கியது. லாரி ஒரு கணம் மூச்சை அடக்கி நின்றது. பிறகு பீரங்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். பின்பக்கக் குழாயிலிருந்து கிளம்பிய கரும்புகை, கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளை ஆசை தீரத் தழுவிவிட்டுப் போனது.

புகை விலகியபோது முற்றத்தின் வாசலில், கடைசித் தட்டு ராஸ்பெரியோடு தெசான்கா நின்றிருந்தாள்.

அவள் விரிப்புகளைப் பார்த்தாள். செத்த கோழிகளைப் பார்த்தாள். அப்புறம் கூண்டைப் பார்த்தாள்.

"ராதிசாவ், என் கோழிங்க எங்கே?"

"அது வந்து... பக்கத்து வீட்டுல இருக்கு."

"செத்துக் கிடக்கிறது யாருது?"

"பக்கத்து வீட்டுது."

"லாரி?"

"அதுக்குத்தான் இவ்வளவும்."

தெசான்கா தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் மெதுவாக எதையாவது கீழே வைத்தால் அடுத்து என்ன வரும் என்று இருபத்தைந்து வருடமாக ராதிசாவுக்குத் தெரியும். வந்தது. தெருக்கோடி வரை கேட்டது. "மெக்கானிக்கிட்டக் குடுன்னு சொன்னேனா இல்லையா? அவன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்! வருஷம் பூரா உழைச்ச பழம் அங்க தண்ணியா ஓடுது, நீ இங்க கோழிக்கு ஆபரேஷன் பண்ணிட்டு இருக்கே!"

"தின்னது அதுங்க! திட்டு வாங்குறது நானா?" என்றார் ராதிசாவ், கண்கள் சிவக்க. "எந்த ஊர் நியாயம் இது?"

அப்போது வேலியோரம் மிலுங்கா தோன்றினாள். "தெசான்கா, தம்பியைத் திட்டாதேம்மா. தப்பு எங்க கோழி மேல. எங்க வீட்டுக்காரர்கிட்ட டிராக்டர் இருக்குல்ல, கொண்டு போய்ச் சேத்துட்டு வரட்டும். காசு கீசுன்னு பேசக் கூடாது. அக்கம்பக்கம்னா எதுக்கு இருக்கோம்?"

அவள் கணவர் ழிவாதின் டிராக்டரோடு வந்து நின்றார். ஊரிலேயே குறைவாகப் பேசுகிறவர். மிலுங்கா எதைச் சொல்கிறாளோ அதை அப்படியே செய்வார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். தட்டுகளை ஏற்றி, நனைத்த சாக்கால் மூடி, புறப்பட்டுப் போனார்.

ராதிசாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. காலையிலிருந்து இந்தப் பெண்ணை என்னவெல்லாம் சொல்லிவிட்டார்! கூண்டுக்குப் போய், மிச்சமிருந்த அந்தக் கடைசிப் பழுப்புக் கோழியையும் பிடித்தார். ஒரு பாட்டில் ப்ளம் சாராயத்தையும் எடுத்துக்கொண்டு வேலிக்கு வந்தார்.

"அக்கா, இதையும் வச்சுக்க. நான் கத்தினதை மனசுல வச்சுக்காதே."

"அட, எதுக்கு தம்பி" என்று மிலுங்கா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். தெசான்காகூடக் கோபத்தை மறந்தாள். வேலிக்கு மேலாகக் குனிந்து, ஊர் வழக்கப்படி மிலுங்காவின் கன்னங்களில் மூன்று முத்தம் கொடுத்தாள்.

செத்த கோழிகளை வீணாக்க முடியாதே என்று தெசான்கா பெரிய பானையில் போட்டு அடுப்பேற்றினாள். பொழுது சாயும்வரை கொதித்தது. முள்கரண்டியால் குத்திப் பார்த்தாள். கரண்டிதான் வளைந்தது.

"என்ன கோழி இது? வேகவே மாட்டேங்குது!"

"விறகு ஈரம்" என்றார் ராதிசாவ் கடுப்பாக. "ஒழுங்கான விறகு இருக்கா இந்த வீட்டுல? ஒரு பொருள் ஒழுங்கா இருக்கா?"

வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது. ழிவாதின் காலித் தட்டுகளை இறக்கி வைத்தார். "சேத்தாச்சு. அடித்தட்டு தவிர மத்ததெல்லாம் முதல் தரத்துலயே எடுத்துக்கிட்டாங்க" என்றார்.

ராதிசாவ் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். உட்கார வைத்து, தம்ளர் நிறையச் சாராயம் ஊற்றினார். "உங்க குடும்பம் மாதிரி ஒரு குடும்பம் இந்த ஊர்ல இல்ல அண்ணே! அந்த மெக்கானிக் பயல் கெடக்கான். அக்கம்பக்கம்னா இப்படி இருக்கணும்!"

ழிவாதின் தலையாட்டிக்கொண்டே தம்ளரைக் காலி செய்தார். போவதற்கு எழுந்தவர் ஏதோ ஞாபகம் வந்தவராய்ச் சட்டைப் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். சின்னதாக, பளபளவென்று ஒரு பித்தளைச் சாமானை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கிழட்டுக் கோழியெல்லாம் தீந்து போச்சாம். 'இனிமே இது வேண்டாம், குடுத்துட்டு வந்துடு'ன்னா மிலுங்கா."