அக்கரைக்குப் போக ஆகாய வழி

பிராசவில்,
செவ்வாய்க்கிழமை.

மைத்துனன் லுசோலோவுக்கு அத்தான் மாவுங்கு எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால்களும் நலம். கின்ஷாசாவில் நீயும் உன் டிக்கெட் கடையும் நலமாகத்தான் இருப்பீர்கள். என்னைப் போன்றவர்கள் உலகில் இருக்கும்வரை உனக்கென்ன குறை?

முதலில் நன்றி. என் தங்கை மகள் மக்கியேசேவுக்கு இங்கே கல்யாணம். தாய்மாமன் வந்து "சரி" என்று சொல்லாமல் பரிசப் பொருளை யாரும் தொடமாட்டார்கள். ஆற்றுப் படகுகளோ அந்த வாரம் பார்த்து நின்றுவிட்டன. கின்ஷாசாவில் என் வீட்டு மாடியில் நின்றால், ஆற்றின் எதிர்க்கரையில், அடுத்த நாட்டின் பிராசவில் தெரியும். "படகாவது கிடகாவது! தாய்மாமன்னா பறந்து போகணும் அத்தான். நான் பாத்துக்கறேன்" என்றாய். பார்த்துக்கொண்டாய். எழுநூறு டாலர். அதில் பாரிஸுக்கே போய்விடலாம் என்றார் விமான நிலைய வரிசையில் நின்றவர். அவருக்கு இப்படியொரு மைத்துனன் இல்லையே என்று பரிதாபப்பட்டேன்.

கிழக்கே நாலு மணி நேரம் பறந்து அடிஸ் அபாபா போய், மெல்லிய கல்யாணக் கோட்டோடு பதினோரு மணி நேரம் குளிரில் நடுங்கி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை ஐந்து பேரிடம் காட்டி (ஒருவர் தலைகீழாகப் படித்தார்), மறுபடி வந்த வழியே நாலு மணி நேரம் பறந்தேன். பிராசவில் தெரிந்தது. அதன்மேல் புயலும் தெரிந்தது. விமானி திருப்பிக் கொண்டுபோய் எங்கே இறக்கினார் தெரியுமா? கின்ஷாசாவில்.

கதவைத் திறக்கவில்லை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

"அம்மா, இது என் ஊரு. இறக்கி விடு, வீட்டுக்குப் போறேன்."

"முடியாதுங்கய்யா. நீங்க பிராசவில் பயணி."

"நேத்து இங்கதாம்மா ஏறினேன்!"

"அப்புறம் ஏன்யா திரும்பி வந்தீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம் இருக்கும்.

சொந்த ஊரில் மூன்று மணி நேரம் வெளிநாட்டுக்காரனாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு நாள் தாமதமாகக் கல்யாண வீட்டை அடைந்தேன். ஆட்டுக்கறி தீர்ந்திருந்தது. பந்தலைப் பாதி பிரித்துவிட்டார்கள். என் இடத்தில் வேறு யாரையாவது உட்காரவைத்து எல்லாவற்றையும் முடித்திருப்பார்கள் என்று வாசலிலேயே நின்றேன். உள்ளே மக்கியேசே, முந்தின நாள் அலங்காரம் கலைந்த நிலையில், அதே பாயில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கடுகடுவென்று இருந்தார்கள்.

"மாமா வராம எழுந்திருக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். ஏன் மாமா இவ்ளோ நேரம்? எதிர்க்கரைதானே?"

"ஆமாம்மா, எதிர்க்கரைதான்" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். "சரி" என்றேன்.

இதனால் உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. இனி இந்த உடம்பு விமானம் ஏறாது. படகு வராவிட்டால் நீந்தி வருவேன். முதலைகள் விமான நிலைய வரி கேட்பதில்லை.

உன் அக்காவிடம் நான் உயிரோடு இருப்பதைச் சொல். உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து வேறு தொழிலுக்குப் போகட்டும் என்று மனமார வாழ்த்தும்,

அத்தான் மாவுங்கு.

பின்குறிப்பு: தாமதத்துக்கு வருந்தி விமானக் கம்பெனி எனக்கு ஓர் இலவச டிக்கெட் கொடுத்திருக்கிறது. ஆறு மாதத்துக்குள் பறந்தாக வேண்டுமாம். மக்கியேசேவின் தங்கைக்கு தூரத்து டாக்கார் பக்கம் நல்ல வரன் இருந்தால் உடனே விசாரி. எனக்கு ஜன்னலோர இருக்கை.