நல்லரத்தினம் முடி காத்த படலம்

வாழ்க நல்லரத்தினம்! கீழ்த்திசைப் பெருங்கடல் ஒருபுறம் முழங்க, உப்புவாவி மறுபுறம் துயில, இடையே ஒடுங்கிக் கிடக்கும் செட்டிபாளையத்தில் சங்கக்கடை மனேஜர் என்னும் அரும்பதவி தாங்கி, பருப்பும் சீனியும் அளந்து பாரைப் புரந்த பெருந்தகை, சீப்பின் பற்கள் நான்கை ஒரே காலையில் முறித்த சிகையினன், எப்பக்கம் வகிடெடுத்தாலும் தோல் தெரியாத அடர்கானகத் தலையினன் நீடு வாழ்க! அவன் முடியைப் பாடப் புகுந்த எமக்குச் சொல் உதிராதிருக்கக் கலைமகள் காக்க. பாட்டுடைத் தலைவனுக்கு உதிர்ந்தது போதும்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழி இருபத்தாறாம் நாள் காலையில், கடல் எழுந்து ஊரின் நடுவே நடந்து வாவியில் போய் இறங்கிற்று. அந்த நாளைப் பகடியாய்ப் பாட எம்மால் ஆகாது. நல்லரத்தினம் தன் மனைவி புஸ்பத்தைத் தேடி மத்தியானம்வரை சேற்றில் அலைந்தான். முகம் தெரியாமல் கிடந்தவர்களைப் புரட்டிப் பார்த்தான். கால் ஓய்ந்த இடத்தில் நின்று, வாவிக்கு மேற்கே படுவான்கரைக் காட்டுக் குன்றில் வீற்றிருக்கும் முருகனை நோக்கி, இருகையாலும் தலைமயிரைப் பற்றிக்கொண்டு முழங்கினான்.

“முருகா! அவளத் தா! இந்தத் தலைய முழுசாத் தாறன்! ஒண்டும் மிச்சம் வைக்கமாட்டன்!”

பொழுது சாயுமுன் வாவிக்கரைக் கண்டல் மரமொன்றின் கிளையிலிருந்து, கை முறிந்து, ஆனால் உயிரோடு, புஸ்பத்தை இறக்கினார்கள்.

நல்லரத்தினம் வாக்குத் தவறுபவன் அல்லன், தள்ளிப்போடுபவன். மறு ஆண்டு மைத்துனியின் கல்யாணம் வந்தது, கூடவே வீடியோக்காரரும் வந்தார். ஊரே கண்டு வியந்த அந்த அலைமுடி வேந்தன் வீடியோவில் மொட்டையாய் நிற்பதா? அடுத்த மாதம் பார்ப்போம் என்றான். அடுத்த மாதம் நிவாரண அரிசி பங்கிடும் வேலை. அதற்கடுத்த மாதம் மூக்கொழுகும் தடிமன். இப்படியே இரண்டாயிரத்து ஆறு பிறந்து, யுத்தம் மறுபடி மூண்டு, வாவிப் பாலம் மூடப்பட்டு, முருகன் அக்கரையிலும் முடி இக்கரையிலுமாய் நின்றுபோயின. அந்த வாரந்தான் தலையணையில் மயிர் கிடக்கக் கண்டான்.

கண்டவன் சும்மா இருந்தானா? செவ்வரத்தம்பூவைத் தூசிப்படையாக்கி, கறிவேப்பிலையை நடுப்படையாக்கி, கற்றாழைச் சோற்றைப் பக்கக்காவலாக நிறுத்தி, சின்ன வெங்காயச் சாறெனும் கண்ணீர்க்கணை தொடுத்து, தேங்காயெண்ணெய்க் கடல் பொங்கக் காலையும் மாலையும் பெரும்போர் புரிந்தான். பகையோ நெற்றியிலிருந்து ஓர் அணியும் உச்சியிலிருந்து மறு அணியுமாய்ப் புறப்பட்டு, பேச்சுவார்த்தைக்கு இடமின்றி, நடுவே சந்தித்துக் கைகுலுக்கிற்று. சங்கக்கடைக்கு வந்த சனம் வெங்காய மணத்துக்கு மூக்கைப் பொத்தியது.

தன் முடி போவதென்றால் தாங்கியிருப்பான். போவது முருகனுடைய முடி. முழுசாத் தருகிறேன் என்று சொல்லிப் பெற்ற உயிர், இதோ அடுப்படியில் இருந்து மீன் வெட்டுகிறது. சொன்னதில் குறைந்தால், தந்ததை அவன் திருப்பிக் கேட்டுவிட்டால்? இந்தப் பயத்தை நல்லரத்தினம் ஒருவரிடமும் சொல்லவில்லை. விழுந்த மயிரையெல்லாம் பொறுக்கி ஒரு வெற்றுப் பால்மாத் தகர ரின்னில் சேர்த்து மூடினான். வாவிக்கு மேலாக ஷெல் பறந்த நாட்களில் ஊரார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குப்புற விழ, அவன் ரின்னை அணைத்துக்கொண்டு விழுந்தான்.

ஆசுபத்திரி டொக்டர் அவன் தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் தீர்ப்புரைத்தார். “யோசனை கூடினால் மயிர் கொட்டும். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க.”

அந்த ஆண்டில், அந்த மாவட்டத்தில், யோசிக்காதிருப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டே வீடு சேர்ந்தான். யோசித்ததால் கொட்டிற்று, கொட்டியதால் யோசித்தான். பிறகு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து அஜந்தா என்னும் பிள்ளை, சனத்தின் மன அழுத்தத்தை அளக்கும் தாளோடு வந்து கதிரையில் அமர்ந்தாள்.

“ஐயா, கடலக் கண்டாப் பயமா?”

“இல்ல மகள்.”

“வெடிச்சத்தம்?”

“அது பழகிற்று.”

“அப்ப என்ன பிரச்சினை?”

“தலமயிர்.”

அவள் தாளில் பாதிப்பு எதுவும் இல்லை என்று எழுதி, இரண்டு ஷாம்பு பைக்கற்றும் ஒரு சீப்பும் தந்துவிட்டுப் போனாள்.

“முருகன் உங்கள நம்பாம, தானே ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமா எடுக்கிறார் போல” என்று புஸ்பம் சிரித்தாள். நல்லரத்தினம் சிரிக்கவில்லை. கொஞ்சங் கொஞ்சமாகத் தருவதாக அவன் எப்போது சொன்னான்?

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. காட்டுப் பாதையில் கண்ணிவெடி கிளறி எடுத்து, ஆடித் திருவிழாவுக்கு வழி விட்டார்கள். வேட்டி உடுத்து, நீறு பூசி, எஞ்சிய சிலவற்றை எண்ணெயால் ஒட்டி, பால்மா ரின்னை மார்போடு தாங்கி, புஸ்பம் பின்தொடரப் புறப்பட்டான் வீரன். பட்டிருப்புப் பாலத்துக் காவலரணில் சிப்பாய் ஒருவன் ரின்னைத் தட்டிப் பார்த்தான்.

“மே மொகத்த?” சிங்களத்தில், இது என்னவாம்.

“சாமிக்கு!” என்று முழங்கினான் நல்லரத்தினம்.

சாமிக்குப் போகும் ரின்னிலும் குண்டு இருந்த நாடு அல்லவா. சிப்பாய் மூடியைத் திறந்தான். அக்கணமே மேற்கிலிருந்து கச்சான் காற்று ஒன்று, ஆனைக்கூட்டம் வயல் வட்டைக்குள் இறங்குவதுபோல் பாலத்தில் இறங்கி, மூன்று ஆண்டு காத்த முடியனைத்தையும் வாரி எடுத்து வாவிக்கு மேலே கருமேகமாய்ப் பரப்பிற்று. சிப்பாய் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு எட்டிப் பிடிக்க ஓடினான். ஒன்று அகப்பட்டது. அதை இரண்டு விரலால் பிடித்துக் கொண்டுவந்து, முகம் வெளுத்துப்போய் நீட்டினான். அது சிப்பாயின் சொந்தச் சட்டை நூல்.

நல்லரத்தினம் பாலத்தின் ஓரத்தில் குந்திவிட்டான். ஷெல்லடியில் அழாதவன், எல்லாரும் பார்க்க அழுதான்.

“முழுசா எண்டுதான் புள்ள சொன்னனான். இனி அவர் உன்னத் திருப்பிக் கேட்டா நான் என்ன செய்வன்?”

புஸ்பத்துக்கு அப்போதுதான் விளங்கிற்று. முறிந்தபின் நேராக நிமிராத அந்தக் கையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“கேட்டா நான் வரமாட்டன் எண்டு சொல்லுவன். எழும்புங்க, வெயில் ஏறுது.”

அப்பால், பறை அதிர, சங்கு பிளிற, காவடிகள் கடலலையாய்ச் சுழல, ஆண்டுக்கணக்காய் அடங்கிக் கிடந்த அரோகராக் குரல் குன்றையே பெயர்க்க, கற்பூரப் புகை கிழித்து, சனத்திரள் பிளந்து, வெறுங்கையனாய், வியர்வை ஒழுகும் உச்சியில் கடைசிப் படைவீரர் இருபதுபேர் அஞ்சாது நிமிர்ந்து நிற்க, விண்ணவரும் மண்ணவரும் மூச்சடக்கிப் பார்க்க, தன் கடனைத் தலையால் செலுத்த வந்த நல்லரத்தினப் பெருமான், அடிவாரத்து வேம்பின் கீழ்க் கத்தி தீட்டி நின்ற மயிர்வினைஞர் முன் பலகையில் அமர்ந்து, கண்மூடி, கழுத்து வளைத்து, அந்த மாபெருந் தலையைத் தாழ்த்தினான். கத்திக்காரர் அதைப் பார்த்தார். அவன் தோளுக்கு மேலால் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

“அண்ணன், ஒள்ளுப்பம் எழும்பி இடம் விடுங்க. மொட்ட போட வந்த ஆள் எங்க?”

“இவர்தான் தம்பி, இரிக்கிறத எடுங்க” என்றாள் புஸ்பம்.