தொப்பியா, தலைப்பாகையா

1934-ஆம் ஆண்டு, தை மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில் லஸ்ஸில் கூடிய மோட்டார் பிரியர் சங்கத்தின் பாதுகாப்புக் கமிட்டிக்கு வந்திருந்தவர்கள்: தலைவரும் பென்ஷன் பெற்ற டிப்டி கலெக்டருமான ராஜகோபாலன், காரியதரிசியும் வக்கீலுமான பத்ரிநாராயணன், நாகரிகம் குன்றாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே நியமிக்கப்பட்ட கோமளம் அம்மாள், மறுநாள் பந்தயத்தில் ஓட்டவிருந்த ஷஃபியுல்லா, அவருக்குத் தோலும் தக்கையும் வைத்துத் தலைக்கவசம் தைத்துக் கொடுத்த ராயப்பேட்டையில் குதிரைச் சேணம் தைக்கும் அக்பர் பாஷா. ஐவரில் மோட்டார் ஓட்டத் தெரிந்தவர் ஷஃபியுல்லா ஒருவரே. ஆகவே அவருக்கு வாக்குரிமை இல்லை.

ஷஃபியுல்லாவுக்குத் தியாகராய நகரில் துணிக்கடை. பந்தயம் ஆசைக்கு மட்டும். போன வருஷம் சைதாப்பேட்டைத் திருப்பத்தில் வண்டி புரண்டு, தலையில் பதினொரு தையல். இம்முறை கவசமில்லாமல் ஏறினால் வீட்டுக்கு வரவேண்டாம் என்று மனைவி வஜீஹா சொல்லிவிட்டார். கவசம் அணியக் கமிட்டியின் அனுமதி வேண்டும். அவர் எழுதிய மூன்று விண்ணப்பங்களும் வந்து சேர்ந்ததைக் கமிட்டி அன்று மகிழ்ச்சியுடன் பதிவு செய்தது.

"இது தொப்பியா, தலைப்பாகையா?" என்றார் ராஜகோபாலன்.

"மண்டை உடையாம இருக்கறதுக்கு, சார்" என்றார் ஷஃபியுல்லா.

"அது உபயோகம். நான் கேட்டது ஜாதி."

கேள்வி அற்பமானதன்று. ஆறு சுற்றுகளிலும் வண்டிகள் கவர்னர் பிரபுவின் மேடையைக் கடக்கும். பிரபுவின் எதிரில் தொப்பியைக் கழற்றாதது அவமரியாதை. தலைப்பாகையைக் கழற்றுவது அவமரியாதை. இரண்டில் எதுவென்று நிச்சயிக்கப்படாத ஒரு பொருள் மணிக்கு அறுபது மைல் வேகத்தில் பிரபுவைக் கடந்து செல்லச் சங்கம் எப்படிச் சம்மதிக்கும்?

"தொப்பின்னா ஒரு கையால எடுத்துட்டுப் போலாமே" என்றார் பத்ரிநாராயணன்.

"மேடை தாண்டினதும் திருப்பம், சார். ரெண்டு கையும் ஸ்டீரிங்ல இருக்கணும்."

"பிரபுவைவிடத் திருப்பம் பெரிசா, ஓய்?"

அக்பர் பாஷா குறுக்கிட்டார். "தாடைக்குக் கீழே வார் கீது சாமி. கழலக் கூடாதுன்னுதான் கட்றது."

"கட்டறதா? அப்போ தலைப்பாகை" என்றார் பத்ரிநாராயணன்.

"தோலைத் தலைப்பாகைன்னு எப்படி எழுதறது?" என்று தலைவர் முகம் சுளித்தார்.

கோமளம் அம்மாள் லண்டன் பத்திரிகையிலிருந்து தலை நிமிர்ந்தார். "பழுப்பு நிறம் இந்த வருஷம் யாருமே போட்டுக்கறதில்லை. இதுமேலே வெள்ளைப் பட்டுத் தலைப்பாகை கட்டிடலாமே. ஜரிகையும் தெரியும்."

ஷஃபியுல்லாவின் தலையில் கவசத்தை வைத்து, அதன்மேல் கட்டிப் பார்த்தார்கள். பட்டு வழுக்கி மூக்குவரை இறங்கியது.

"எனக்கு ஒண்ணுமே தெரியல, சார்."

"எங்களுக்கு நீர் நன்னாத் தெரியறீர்" என்றார் தலைவர்.

முடிவில் தீர்மானம் எழுதப்பட்டது: ஓட்டுபவர் தலைப்பாகை மட்டும் அணிவது, கவசம் பக்கத்து ஆசனத்தில் வைக்கப்படுவது, அதனால் அவர் பாதுகாக்கப்பட்டதாகக் கொள்ளப்படுவது. அக்பர் பாஷா வாரை அவிழ்த்துக் கவசத்தை மேஜைமேல் வைக்க, பட்டு ஷஃபியுல்லாவின் வெறுந்தலையில் கட்டப்பட்டது.

"பக்கத்து ஆசனத்துல கமிட்டி மெம்பர் ஒருத்தர் உக்கார்ந்து சுத்து எண்ணணும்னு உங்க விதியிலேயே இருக்கே" என்றார் ஷஃபியுல்லா. "யார் வர்றீங்க?"

ராஜகோபாலனுக்கு முழங்கால் வலி. கோமளம் அம்மாள் பூச்செண்டு கொடுக்க வேண்டியவர். பத்ரிநாராயணன் தேர்ந்தெடுக்கப்பட்டார், வாக்குரிமை உள்ளவர்களில் கை தூக்காதவர் அவர் ஒருவரே.

அவர் கவசத்தை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"தக்கை கெட்டிதானே, பாஷா?"

"குதிரை மிதிச்சாலும் தாங்கும் சாமி."

ஒரே நிமிஷத்தில் திருத்தம் நிறைவேறியது: ஆசனத்தில் வைக்கப்பட வேண்டிய கவசம், அவ்வாசனத்தில் அமர்பவரின் தலையில் வைக்கப்பட்டாலும் ஆசனத்தில் வைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

"அப்போ ஓட்றவருக்கு?" என்றார் அக்பர் பாஷா.

"அவருக்குத்தான் தலைப்பாகை இருக்கே" என்றார் தலைவர்.

ஷஃபியுல்லா தலைப்பாகையை அவிழ்த்து, கடைக்காரருக்குரிய ஒழுங்குடன் மடித்து, மேஜைமேல் வைத்தார். கவசத்தைப் பத்ரிநாராயணனின் தலையில் கவிழ்த்து வாரை இறுக்கினார்.

"ஓட்டறதையும் நீங்களே ஓட்டிடுங்க, சார். நான் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

பத்ரிநாராயணன் வாரை இழுத்துப் பார்த்தார். அது மேலும் இறுகியது. "பாஷா, இதைச் சித்தே கழட்டும்."

அக்பர் பாஷா கை நீட்டினார்.

"பொறும்" என்றார் ராஜகோபாலன். "கமிட்டி கூடியிருக்கு, நான் தலைவர் ஆசனத்துல இருக்கேன். என் எதிரில் இதைக் கழட்டறது மரியாதையா, அவமரியாதையா? அது இன்னும் தீர்மானமாகலையே. கோமளம், உங்க அபிப்பிராயம்?"

கோமளம் அம்மாள் யோசிக்கலானார். கவசத்தினுள்ளிருந்து காரியதரிசி ஏதோ ஆட்சேபித்தார். அது எழுத்து மூலம் வரவேண்டுமென்று தலைவர் தெரிவித்தார்.

அங்கே மிஞ்சியவர்களில் அந்த வாரை அவிழ்க்கத் தெரிந்த ஒரே மனிதரான அக்பர் பாஷா, நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.