பெட்டிசம் ஐயாவும் பூட்டிக் கிடந்த கட்டுரையும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் சண்டை முடிந்த கையோடு மன்னார்த் தீவில் ஐஸ் ஆலை போட்டது நான். சீமெந்துக்கு ஆலாய்ப் பறந்த காலத்தில் மாடி எழுப்பியது நான். உப்புக் காற்று ஆணியைத் தின்னும், தகரத்தைத் தின்னும், என் மாடியைத் தின்னவில்லை. அந்த மாடிக்குக் கீழே இன்ரநெட்டோடு கொம்யூனிகேசன் கடை திறந்ததும் நானே. இத்தனையும் கட்டிய என்னால் கட்டி மேய்க்க முடியாமற்போன ஒரே ஆள், அந்தக் கடையில் நான் வேலைக்கு வைத்த பெட்டிசம். தலைமன்னாரிலிருந்து இலுப்பைக்கடவை வரைக்கும் அப்படி ஒரு மனிசன் பிறக்கவில்லை.

சொந்தப் பேர் ஆருக்கும் தெரியாது. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே ரைப்ரைட்டரோடு குந்தியிருந்து, வராத பென்சனுக்கும் தொலைந்த காணி உறுதிக்கும் அரசாங்கத்துக்கு ஆங்கிலத்தில் பெட்டிசம் என்கிற மனு எழுதினவர். மரத்தை வெட்டி மதில் கட்டினார்கள், தொழில் போயிற்று. எழுத்தைப் பாராமல் ஆங்கிலம் அடிக்கக்கூடிய ஆள் ஊரில் அவர்தான் என்று நான் கூட்டிவந்தேன்.

வந்த அன்றைக்கே விளங்கிவிட்டது. அவருக்குக் கொம்பியூட்டர் ஒரு அரசாங்கக் கந்தோர். தேடுகிற அந்த நீளப் பெட்டி, கந்தோர் யன்னல். அதற்கு அங்கால் ஒரு உத்தியோகத்தர் கதிரை போட்டு இருக்கிறார். ஆகவே கழுத்தில் ரை கட்டாமல் தேடமாட்டார். பக்கம் திறக்கச் சுணங்கினால் எழும்பி நிற்பார். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க வந்த ஒருத்தன் கால்மேல் கால் போட்டிருந்தான் என்று, "காலை இறக்கும் தம்பி, அவர் பாத்துக்கொண்டிருக்கிறார்" என்றார். அவன் பயந்து அடுத்த கடைக்குப் போய்விட்டான்.

இந்த நிலைமையில்தான் பேசாலைச் சூசையின் மகள் ஜெசிந்தா ஒரு நாள் காலமை மூச்சு வாங்க வந்து நின்றாள். சூசை என் ஐஸுக்குப் பழைய வாடிக்கை. ஆவுளியாவைக் கண்டால் வலையைத் தூக்கி வழி விடுகிற மனிசன். ஆவுளியா என்பது கடற்புல் மேய்கிற, மாட்டுப் பருமன் பிராணி. பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள், அது எங்கெங்கே மேய்கிறது என்று மீன்பிடிகாரரிடம் கேட்டு ஆராய்ச்சி செய்யப்போகிறாள். பேராசிரியர் மறித்துவிட்டார். இப்படி முன்பு ஆராவது செய்த முழுக் கட்டுரை ஒன்று பின்னேரம் நாலு மணிக்குள் அவர் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் அவள் ஆய்வுகூடத்தில் குளத்துத் தண்ணீர் சோதிக்க வேண்டியதுதான்.

"அப்பான்ர ஆக்களிட்டைக் கேக்கிறது படிப்பில்லையாம், மாமா" என்றாள்.

பல்கலைக்கழக நூலகத்தின் கட்டுரைக் களஞ்சியத்துக்குள் கடவுச்சொல் போட்டு நுழைந்தாள். பெட்டிசம் ரையை இறுக்கினார். 'கனம்பொருந்திய ஐயா, அடியிற் கையொப்பமிடும் நான் தாழ்மையுடன் கேட்பது யாதெனில்' என்று ஆங்கிலத்தில் அடித்தார். ஒன்றுமில்லை என்று வந்தது.

"முதல் தரம் எல்லாரும் இல்லையெண்டுதான் சொல்லுவினம். மேல போவம்."

"ஐயா, ஆவுளியா, மீனவர், நேர்காணல். மூண்டு சொல் போதும்."

"மூண்டு சொல்லை எறிஞ்சு கேக்க அவர் என்ன உன்ர மச்சானோ, பிள்ளை?"

அவள் விசைப்பலகையை இழுத்து அடித்தாள். ஆயிரக்கணக்கில் கொட்டியது. பெட்டிசம் முகத்தைச் சுளித்தார். "இப்பிடி அள்ளித் தாறவன் நல்ல உத்தியோகத்தன் இல்லை. வாசியாமல் கையெழுத்து வைக்கிறான்."

அவள் ஆண்டைக் குறுக்கினாள், கடலைக் குறுக்கினாள், சொல்லை மாற்றினாள். மத்தியானம் கடந்தபோது ஒன்று அகப்பட்டது. அவுஸ்திரேலியாவில் ஒரு பேராசிரியை அதே வேலையை, மீனவரிடம் கேட்டே செய்திருந்தா. சுருக்கம் தெரிந்தது. முழுக் கட்டுரை பூட்டு. அவளுடைய நூலகம் அந்தச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டவில்லை. நூலகத்துக்குப் போன் அடித்தோம், எடுப்பாரில்லை. நான் காசை மேசையில் வைத்தேன். வங்கி அட்டைதான் வேண்டும், அந்தப் பூட்டு என் காசை வாங்காது என்றாள். என் சீவியத்தில் என் காசு தோற்ற இடம் அது ஒன்றுதான்.

பெட்டிசம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எழுதின அம்மாவின்ர மின்னஞ்சல் கீழ கிடக்குது. அவவிட்டையே கேப்பம்" என்றார்.

"அவ பெரிய ஆள் ஐயா, எனக்கு மறுமொழி போடுவாவே?"

"பெரிய ஆக்களுக்குத்தான் எழுதிறது. சின்ன ஆக்கள் மறுமொழி போடமாட்டினம்."

அடித்தார். பேசாலையில் நிரந்தர வதிவிடம் உடைய கடற்றொழிலாளி சூசையின் மகள் என்று தொடங்கி, சூசை வலை தூக்கி ஆவுளியாவுக்கு வழி விட்டது, நாலு மணிக் கெடு எல்லாம் வந்தது. கடைசியில், தங்கள் குடும்பத்துக்காக மடு மாதாவை மன்றாடுவேன் என்று முடித்தார்.

"மடு மாதாவை எடுங்கோ ஐயா, வெக்கமாக் கிடக்குது."

"அவ நிக்கட்டும்."

அனுப்பக் கை வைத்தார். கரண்ட் போனது. அடித்த பெட்டிசமும் அழிந்து போனது.

ஊருக்கே கரண்ட் இல்லை. ஐஸ் ஆலை மட்டும் என் ஜெனரேற்றரில் ஓடியது. இரண்டையும் அது இழுக்காது. நான் ஓடிப்போய் ஆலையை நிறுத்தி வயரைக் கடைக்குத் திருப்பினேன். லொறியோடு நின்ற ஹனீபா நானா தலையில் கை வைத்தார். "முதலாளி, ஐஸ் இல்லாட்டி என்ர மீன் கொழும்புக்குப் போகாது, குப்பைக்குத்தான் போகும்."

"ஒரு கடிதம் போகோணும் நானா."

"கடிதத்துக்கோ ஐஸை நிப்பாட்டினீங்கள்? அல்லாவே."

பெட்டிசம் முழுவதையும் திரும்ப அடித்தார், ஒரு சொல் மாறாமல். அனுப்பினார். எழும்பி நின்றார். ஜெசிந்தாவும் நின்றாள். கட்டட முதலாளி நானும் ஏனோ நின்றேன். வெளியே நானா மீன் பெட்டிகளுக்குச் சாக்கு நனைத்துப் போடுகிற சத்தம் கேட்டது. மூன்றரை தாண்டியது. ஜெசிந்தா வாய்க்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு அடிக்கச் சற்று முந்தி வந்தது. முழுக் கட்டுரை. கூடவே இரண்டு வரி: சூசை அவர்களுக்கு என் வணக்கம், அவரோடு கதைக்க விருப்பம். ஜெசிந்தா அதை அப்படியே பேராசிரியருக்குத் தள்ளிவிட்டு மேசையில் தலை வைத்து அழுதாள். பெட்டிசம் ரையைத் தளர்த்தி, அப்போதுதான் கதிரையில் இருந்தார். "நன்றி மனு ஒண்டு அடிக்கோணும்" என்றார்.

ஆராய்ச்சி நடந்தது, புத்தகமாய்க் கட்டி எனக்கும் ஒன்று தந்தாள். நன்றிப் பக்கத்தில் பேராசிரியர், அவுஸ்திரேலியா அம்மா, அப்பா, பெட்டிசம் ஐயா. என்னைக் காணோம். ஐஸை நிறுத்தி நானாவிடம் ஏச்சு வாங்கினவன் நான். பெட்டிசத்திடம் சொன்னேன். "விடுங்கோ முதலாளி, வடிவா ஒரு பெட்டிசம் எழுதித் தாறன்" என்றார். எழுதமுன்னம் போன தவக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால்தான் எழுத வராத நானே இந்தப் பத்திரிகையில் எழுதவேண்டிக் கிடக்கிறது.

ஆகவே, ஜெசிந்தா பிள்ளை, திரும்ப அச்சடிக்கும்போது என் பேரையும் போடவேண்டும். கட்டடம் என்னுடையது, ஜெனரேற்றர் என்னுடையது. இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கு. ஆனால் அந்தாளுக்குப் பக்கத்தில் போடு, பிள்ளை. வேறெங்கும் வேண்டாம்.