எக்ஸ்ரேயில் மாட்டின விரல் நீளம்

நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வயித்தைப் படம் எடுக்க வேண்டியிருந்துச்சு. அவ்வளவுதான் வேலை.

ரொம்ப நாளா வயித்துவலி. ஒர்க்‌ஷாப்புல சுத்தியலைத் தூக்கினா போதும், தொப்புளுக்குக் கீழே சுருக்குன்னு இழுக்கும். ஆஸ்பத்திரியில இருக்கற நம்ம தமிழ் டாக்டர் தட்டிப் பார்த்துட்டு, "குடல்ல என்னன்னு எக்ஸ்ரேல பார்த்துடலாம்"னார். நைஜாம் சீமைக்குப் புதுசா வந்த மிஷினாம். வீடு இருக்கற மாரெட்பள்ளியிலேருந்து ஜட்கா வண்டி பிடிச்சு, பெரிய மனுஷன் மாதிரி போய் இறங்கினேன்.

ஒரு டம்ளர் நிறைய சுண்ணாம்பு கரைச்ச மாதிரி எதையோ கொடுத்தாங்க. "இது போய்ப் படிஞ்சாத்தான் குடல் படத்துல தெரியும், குடிங்க."

குடிச்சேன். பெத்தவளை நெனச்சுக்கிட்டே குடிச்சேன்!

அது கீழே இறங்கற வரைக்கும் பெஞ்சுல உட்கார வச்சாங்க. அப்புறம் மிஷின் ஓட்டற மியான், "சட்டை, பனியன், சாவி, சப் நிக்காலோ"ன்னார். எல்லாத்தையும் கழட்டினேன். வேட்டியை மட்டும், "நக்கோ பாய்"னு கெஞ்சி வச்சுக்கிட்டேன்.

படம் வந்துச்சு. டாக்டர் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சார். முகமே மாறிப்போச்சு. இன்னும் ரெண்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

"குடல்ல விரல் நீளத்துக்கு ஏதோ நிக்குது. இப்படி நான் பார்த்ததே இல்லை. அபூர்வமான கேஸ்!"

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு உசிரே போச்சு.

"ஆபரேஷன்தான்யா. நாளைக்கே வந்து படுத்துடு."

"கிழிச்சா பொழைப்பேனா சார்?"

"பார்க்கலாம்."

பார்க்கலாமா! அடப்பாவி மனுஷா, வீட்டுல புள்ளைகுட்டி இருக்கு!

"எதுக்கும் பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துடு"ன்னு மியான்கிட்ட சொன்னார். எடுத்தாங்க. மூணு டாக்டரும் தலையை முட்டிக்கிட்டுப் பார்த்தாங்க.

"என்னய்யா இது, வயித்துக்கு வெளியே இருக்கு!"

"ஐயோ, குடல் வெளியே வந்துடுச்சா!"ன்னு கத்திட்டேன்.

மியான் விறுவிறுன்னு வந்து என் வேட்டியைத் தளர்த்தினார். உள்ளே அரைஞாண் கயிறு. அதுல செப்புத் தாயத்து. வயித்துவலிக்குன்னு என் வீட்டுக்காரி மந்திரிச்சு வாங்கிக் கட்டினது.

"எல்லாத்தையும் கழட்டச் சொன்னாங்களா இல்லையா?" டாக்டருக்கு மூக்கெல்லாம் சிவந்துடுச்சு.

"அரைஞாணை எவன் சார் கழட்டுவான்? உசிரு போனாத்தானே அறுப்பாங்க!"

தாயத்தைக் கயிறோட மேலே மார்பு வரைக்கும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மறுபடியும் நின்னேன். படத்துல குடல் படுசுத்தம்! "வெறும் வாயுய்யா. பக்கோடாவைக் குறை"ன்னு அனுப்பிட்டார். பாவம், அவருக்குத்தான் பெரிய ஏமாத்தம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவ சிரிக்கவே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டா.

"பார்த்தீங்களா! டாக்டர் ஆபரேஷன்னு சொன்ன வியாதியையே தாயத்து விரட்டிடுச்சு!"

இப்போ இடுப்புல ரெண்டு தொங்குது.