சிஸ்டம் சார் கொடுத்த ஒப்புதல்

மேலாளர்களில் 'சிஸ்டம் சார்' என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவசியம் பார்த்திருப்பீர்கள். அவர்தான் உங்களைப் பார்த்திருக்க மாட்டார். செல்போனிலிருந்து தலையைத் தூக்கினால்தானே?

நாம் பார்க்கப்போகிற சிஸ்டம் சாருக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மனிதவளத் துறை. எண்ணூறு தொழிலாளர்கள். மேலிடம் எங்கிருந்தோ ஒரு ஆப் வாங்கி இறக்கியதிலிருந்து அவருக்கு மனிதர்கள் என்றாலே அலர்ஜி. கூரை ஒழுகுகிறதா, ஆப்பில் போடு. குடிதண்ணீர் இல்லையா, ஆப்பில் போடு. எதிரே மயங்கி விழுந்த இஸ்திரிக்காரரைக்கூட, தெளிந்ததும் ஆப்பில் போடச் சொன்ன புண்ணியவான்! அதில் அவருக்கு ஒரு நிம்மதி, பாவம். முன்பெல்லாம் யாராவது வந்து அழுதால் கையும் ஓடாது, காலும் ஓடாது; இப்போது ஒரு விரல் போதும்.

அன்று தையல்காரம்மா ஒருத்தி வந்து நின்றாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளுடைய ஆறு வயது மகளுக்குக் கண் ஆபரேஷன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டால்தான் உள்ளே போவேன் என்கிறது குழந்தை. அனுமதி இல்லாமல் ஒருநாள் வராவிட்டாலோ, ஆப் தானாகவே பெயரை நீக்கிவிடும்.

வழக்கம்போல ஆப்பில் போடச் சொன்னார். போட்டுப் பார்த்துவிட்டாளாம். லீவுக்கான காரணப் பட்டியலில் சொந்த நோய், திருமணம், மரணம் மூன்றுதான் இருக்கிறதாம். ஆப்பை விற்றவர்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நோய் நொடியே வராது போலிருக்கிறது.

"இருக்கிறதுல ஒண்ணைப் போடும்மா," என்றார், தலை தூக்காமல்.

சொந்த நோய் என்றால் டாக்டர் கையெழுத்து கேட்டது. திருமணம் என்றால் பத்திரிகை கேட்டது. மரணத்துக்கு ஒன்றும் வேண்டாம், யார் என்று மட்டும் சொன்னால் போதும்: தாய், தந்தை, கணவர், பிள்ளை, மேலாளர்.

"யாரைப் போடட்டும் சார்?"

"யாரையாவது போட்டுத் தொலைம்மா."

ஆபரேஷனுக்குப் போகிற பிள்ளையைப் போட எந்தத் தாய்க்கு மனசு வரும்? பெற்றவர்களும் நன்றாக இருக்கட்டும். புருஷனை ஒரு நிமிஷம் யோசித்தாள். போனால் போகிறதென்று விட்டுவிட்டாள். விரல் கடைசி வரியில் போய் நின்றது.

அவர் போன் சிணுங்கியது. ஒப்புதல் கொடுத்துவிட்டார். படித்துப் பார்த்தாரா என்கிறீர்களா? நல்லாக் கேட்டீர்கள் போங்கள்.

மறுநாள் ஏழு மணிக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை உள்ளே போயிற்று. ஏழே காலுக்கு, மனிதவள மேலாளர் மறைந்தார் என்று எண்ணூறு போன்களுக்கும் ஆப் இரங்கல் செய்தி அனுப்பியது. பல் துலக்கிக்கொண்டிருந்த சிஸ்டம் சார், முதல் ஆளாகக் கைகூப்பும் பொம்மையைத் தட்டிவிட்டார்.

சிரித்தாயிற்றா? சரி, காலையிலிருந்து நீங்களும் அதே பொம்மையை நாலைந்து பேருக்குத் தட்டிவிட்டிருப்பீர்களே, யார் யாருக்கு என்று ஞாபகம் இருக்கிறதா? எதற்கும் ஒருமுறை பெயரைப் பார்த்துவிடுங்கள். உங்கள் பெயராக இருந்தாலும் இருக்கும்.