சென்ட் சாரின் நாலாவது உட்பிரிவு

தர்மபுரி மாவட்டத்தில் அளவு விஷயத்தில் சென்ட் சாரோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் யாரும் கிடையாது. ஒரே ஒருத்தி ஜெயித்தாள். அது நான். அதுவும் நிலத்தில் இல்லை, ஜாக்கெட்டில்.

அவர் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். நிலத்தை சென்ட் சென்ட்டாக அளந்தவர் என்பதால் சென்ட் சார் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஆபீஸ்காரர்களைக் கேட்டால் அதில்லை, மனுஷர் எப்போது பார்த்தாலும் மல்லிகைப்பூ சென்ட் பூசிக்கொண்டு வருவார், அதனால்தான் என்பார்கள். இரண்டும் உண்மை. மொட்டை வெயிலில் வரப்பு மேல் அளவுச் சங்கிலி பிடித்து நிற்கும்போதும் அவரிடமிருந்து கல்யாண மண்டப வாசலில் அடிக்கிற வாசனை வரும்.

பென்னாகரம் ரோட்டில் என் லேடீஸ் தையல் கடை. கடை திறந்த முதல் வாரமே அவர் வாசலில் நின்று போர்டைப் பார்த்தார். "உங்க போர்டு ரோட்டுல ஆறு இஞ்ச் நிக்குதும்மா" என்றார். நான் சிரித்துவிட்டு விட்டேன். மறுநாள் டேப்போடு வந்தார். ஆறே கால் இருந்தது. போர்டை உள்ளே தள்ளி மாட்டும்வரை மனுஷர் நகரவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த ஆளோடு இனிமேல் சகவாசமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று.

நாலைந்து வருடம் கழித்து ஒரு மத்தியானம் அவர் மனைவி வந்தார். ஸ்கூல் டீச்சராக இருந்தவர். வந்ததும் வராததுமாக ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா டீச்சர்?"

"அளவு ஜாக்கெட் இல்லம்மா. ஆளையே கூட்டியாந்துட்டேன்."

பின்னால் சென்ட் சார் நின்றார். குடையை விரிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாருக்கு நான் என்னங்க தைக்கிறது? நான் சட்டை தைக்கிறதில்லையே."

"ஜாக்கெட்டுதான். அவருக்குத்தான்" என்றார் டீச்சர், ரேஷன் கடையில் துவரம் பருப்பு கேட்கிற குரலில்.

எனக்கு வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது. "ஏதாச்சும் நாடகமா சார்?" என்று கேட்டேன்.

"நாடகமெல்லாம் இல்லம்மா. வூட்டுக்குள்ள கட்டறதுதான். கல்யாணத்துக்கு முன்னாலருந்தே. சேலை கட்டி உக்காந்தா மனசு அடங்குது. அவ்வளவுதான்."

கல்யாணமான மூன்றாவது வருடம் டீச்சருக்குத் தெரிந்ததாம். ஒரு வாரம் பேசவில்லையாம். எட்டாம் நாள் இரண்டு கண்டிஷன் போட்டாராம். தன் சேலையைத் தொடக்கூடாது. கட்டுவதென்றால் மடிப்பெடுத்து ஒழுங்காகக் கட்ட வேண்டும். அதற்கப்புறம் அந்த வீட்டில் அது ஒரு பேச்சே இல்லை.

"இப்ப என்னன்னா, இவருக்கு ஒரு ஆசை" என்றார் டீச்சர்.

சார் குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரே ஒரு தடவைம்மா. பட்டப்பகல்ல. டவுன் பஸ்ஸுல அதியமான்கோட்டை போய்ட்டுத் திரும்பணும். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கக்கூடாது."

சிரிப்புதான் வந்தது. ஆனால் அவர் குடையின் பட்டனைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முப்பது வருடம் மாவட்டம் முழுக்க அளந்தவருக்கு மாவட்டம் முழுக்க வேண்டாதவர்கள். அதில் முதல் வரிசை கம்பைநல்லூர்க்காரர் ஒருவர். பக்கத்து நிலத்தில் இரண்டடி உள்ளே வந்திருக்கிறீர்கள் என்று இவர் அளந்து கல் நட்டதற்கு, அத்தனை பேர் முன்னால் அவர் சத்தியம் செய்தார்: "ஒரு நாள் உன்னைய நடுரோட்ல நிக்க வெச்சு நான் அளக்கறன் பாரு." அப்படி ஒருத்தர் கண்ணில் பட்டு, போனை எடுத்து ஒரு படம் பிடித்தால் போதும். ஓசூரில் மகள் இருக்கிறாள், மகளுக்கு மாமியார் வீடு இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லார் போனிலும் போய்விடும்.

அளவு நோட்டை எடுத்தேன். பெயர் எழுதுகிற இடத்தில் பேனா நின்றது. சார் என்று எழுதினால் கடைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். வேறு என்ன எழுதுவது? காலியாக விட்டுவிட்டு அளவை மட்டும் எழுதினேன்.

தோள், கை, முதுகு எல்லாம் ஒழுங்காக வந்தது. சிக்கலே முன்பக்கம்தான். "அதுக்கு நான் ஏற்பாடு பண்ணீட்டுதான் இருக்கேன்" என்றார் சார். அந்த ஏற்பாடுகளின் வரலாற்றை டீச்சர்தான் சொன்னார்.

முதலில் பலூனில் தண்ணீர். எடை சரி, அசைவும் சரி. அடுப்படியில் குனிந்து குழம்பு கிளறும்போது இடது பக்கம் உடைந்து, அடுப்பு அணைந்து, அன்றைக்கு வெளியில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்தது கேழ்வரகு. துணிப்பை தைத்து, தராசில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரு கிராம் வித்தியாசம் இல்லாமல் கட்டியிருக்கிறார். இந்த ஊரில் தர்பூசணி தின்கிற மாதத்தில் வேர்வைக்குக் கேட்கவா வேண்டும். நனைந்த பைகளை அப்படியே சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்திருக்கிறார்கள்.

"மொளை கட்டிருச்சும்மா" என்றார் டீச்சர். "கொஞ்சம் விட்டிருந்தா நாத்துப் புடுங்கி நட்டிருக்கலாம்."

சார் முகம் சுருங்கியது. "அதான் ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டனே. சிலிக்கான். ரொம்ப அடக்கமான சைசு. முப்பத்தாறு டி."

"டி-யா?" என்றேன்.

"ஆமாம்மா. முப்பத்தாறு ஏ, பி, சி, டி. நாலாவது உட்பிரிவு. பிரிக்கப் பிரிக்கச் சின்னதாத்தான ஆகும்?"

ஒரு சர்வே நம்பரை அண்ணன் தம்பி நாலு பேர் பங்கு பிரித்தால் கடைசி எழுத்துக்குக் களம் போடக்கூட இடம் மிஞ்சாது. முப்பது வருடம் பட்டாவில் பார்த்ததை உள்பாடி அளவிலும் பார்த்துவிட்டார். இதில் எழுத்து போகப் போகப் பெரிதாகும் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. பார்சல் வந்ததும் நம்பினார். அந்தப் பெட்டி அவர் வீட்டில் ஆள் இல்லாததால் என் கடையில்தான் வந்து இறங்கியது. பக்கத்துக் கடைக்காரர் தூக்கிக் கொடுத்து, "என்னுங்கக்கா, புது மெஷினா?" என்றார். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

பெட்டிமேல் ஸ்கின் கலர் என்று போட்டிருந்தது. யாருடைய ஸ்கின் என்று தெரியவில்லை, தர்மபுரியில் அந்த நிறத்தில் யாரும் இல்லை. டீச்சர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். "வயசு அறுபத்தொண்ணு. மாருக்கு மட்டும் இருபத்தொண்ணா?" என்றார்.

என்னுடைய வெற்றி இந்த இடத்தில்தான். ஜாக்கெட்டின் முன்பக்கம் டாட், அதாவது மடிப்புத் தையல் பிடிக்க, தோளிலிருந்து மார்பின் முனைவரை ஓர் அளவு எடுப்போம். சார் ஒன்பது இஞ்ச் என்று ஒரே பிடி. வயசானால் முனை இறங்கும், பதினொன்றரை என்றேன் நான். ஒன்பதில் ஜம்மென்று நிற்கும் என்றார். நிற்கும், அதனால்தான் பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்றேன். பேச்சு வளர்ந்தது. கடைசியில் அளவு நோட்டைத் திருப்பி, பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு, அறுபது தாண்டியவர்களின் அளவுகளை மட்டும் காட்டினேன். பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டு. மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ரெக்கார்டு பேசுதும்மா. நான் ஒத்துக்கறேன்" என்றார்.

சேலத்தில் ஒரு சர்ஜிகல் கடைக்கு நானும் டீச்சரும் போனோம். மார்பில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்காக அங்கே சிலிக்கான் மார்பு விற்கிறார்கள். கடைக்கார அம்மா எங்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "யாருக்குங்க?" என்றார். டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்து, "வூட்ல இருக்கறவங்களுக்கு" என்றார். உயரம் கேட்டார், தோள் அகலம் கேட்டார், வயது கேட்டார். மேலே சரிந்து கீழே நிறைந்திருக்கிற ஒரு ஜோடியை எடுத்து எங்கள் உள்ளங்கையில் வைத்தார். "கொஞ்ச நேரம் வெச்சிருங்க, உடம்புச் சூடு ஏறிக்கும்" என்றார். ஏறியது. பி சைஸ். சாரின் பாஷையில் இரண்டாவது உட்பிரிவு.

அந்த நாளும் வந்தது. காலை பதினோரு மணி. பழுப்பில் சின்னக் கட்டம் போட்ட காட்டன் சேலை, என் ஜாக்கெட், நரை கலந்த கொண்டை வைத்த விக், வெள்ளெழுத்துக் கண்ணாடி. டீச்சர் இரண்டு தடவை சுற்றிவந்து தலைப்பைச் சரிசெய்தார். எதிரில் நின்றது ரிட்டயர் ஆன ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ். எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் மூன்று பேரும் கவனிக்கவில்லை. அது அப்புறம்.

பஸ் ஸ்டாண்டுவரை யாரும் திரும்பவில்லை. பஸ்ஸில் நல்ல கூட்டம். டீச்சருக்கும் எனக்கும் நடுவில் அவர் கம்பியைப் பிடித்து நின்றார். கண்டக்டர் வந்தார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசில்லை, இலவச டிக்கெட்தான். யார் பெண் என்று பார்த்துக் கிழிக்கிற வேலை அவருடையது. அவர் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்து, "மூணு லேடீஸு" என்று தனக்குத்தானே சொல்லி மூன்று டிக்கெட்டை நீட்டிவிட்டுப் போனார். சார் அந்தச் சீட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் கம்பைநல்லூர்க்காரர் ஏறினார்.

அதியமான்கோட்டை பைரவர் கோயிலுக்குப் போகிறார் போல, ஒரு கையில் மாலைப் பொட்டலம், இன்னொரு கையில் போன். எங்கள் பக்கத்திலேயே ஒருவர் எழுந்து இறங்க, அந்த சீட்டில் உட்கார்ந்தார். சார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். கம்பியைப் பிடித்த கையில் நரம்பு புடைத்திருந்தது. நான் அந்தக் கையின்மேல் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டேன். கம்பைநல்லூர்க்காரர் எங்களைப் பார்க்கவே இல்லை. சரி, தப்பித்தோம் என்று நினைக்கும்போது மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். இன்னொரு தடவை உறிஞ்சினார்.

"சென்ட்டு வாசம் அடிக்குதே" என்றார். "அந்த சர்வேயர் ஆளு எங்கயோ பக்கத்துல இருக்கறான்."

தோளை அளந்தோம், முனையை அளந்தோம், எடையை அளந்தோம். அந்தப் பாழாய்ப்போன சென்ட்டை யாரும் நினைக்கவில்லை. மனுஷர் பழக்கதோஷத்தில் பூசிக்கொண்டு வந்திருக்கிறார்.

கம்பைநல்லூர்க்காரர் தேடித் திரும்பி டீச்சரைக் கண்டுபிடித்துவிட்டார். "நீங்க அவரு வூட்டம்மா தானுங்க?"

டீச்சர் அசரவில்லை. "ஆமாங்க. இவங்க எங்க நாத்தனாரு. சாரோட அக்கா. வாசம் அவரு பாட்டிலுதான், இவங்களும் அதையே பூசிக்குவாங்க."

"அதான பாத்தேன், மூஞ்சி அதே சாடை. எந்த ஊருங்க?"

"பெங்களூருங்க. கன்னடந்தான் வரும்."

பேச்சுக்குக் கதவைச் சாத்திவிட்டோம் என்று டீச்சர் நினைத்திருப்பார். ஆனால் அந்த ஆள் வீட்டில் பேசுவதே கன்னடம். முகம் மலர்ந்து, "சென்னாகிதீரா அக்கா?" என்று நலம் விசாரித்தார்.

சாருக்குக் கன்னடம் நன்றாக வரும். குரல்தான் பிரச்சினை. நாலு வயல் தள்ளி நிற்கிற சங்கிலியாளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. வாயைத் திறந்தால் டிரைவர் பிரேக் போடுவார். சாரின் உதடு அசைவதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிவிட்டார்கள்.

"அக்கா பேசக்கூடாதுங்க" என்று என் வாயிலிருந்து வந்தது. "எங்க அக்காவுக்குத் தொண்டையில ஆபரேஷன். ஒரு மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அவர் எழுந்து நின்றார். போச்சு என்று நினைத்தேன். கையிலிருந்த போனைப் பையில் போட்டுவிட்டு, "ஆபரேஷன் பண்ணவங்களை நிக்க வெச்சுக்கிட்டு. உக்காருங்கக்கா" என்றார்.

சென்ட் சார் உட்கார்ந்தார். நான் தைத்த ஜாக்கெட் ஒரு இடத்தில் இழுக்கவில்லை. கம்பைநல்லூர்க்காரர் கம்பியைப் பிடித்துக் குனிந்தபடி, எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே பேசினார்.

"உங்க தம்பி மேல எனக்குக் கோவந்தான். ஆனா அவரு அளந்தது சரிதானுங்கக்கா. எங்கப்பா கல்லைத் தள்ளி நட்டது எனக்கே தெரியும். அத்தனை பேரு முன்னால ஒத்துக்க வாய் வரல. ஒரு சல்லிக்காசு வாங்காத மனுசன், அவரைப் போய்க் கண்டபடி பேசிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லீராதீங்க" என்றார்.

சென்ட் சார் தலையை ஆட்டினார். கண்ணாடிக்கு உள்ளே கண் நிறைந்திருந்தது. தொண்டை வலி போலிருக்கிறது என்று நினைத்துக் கம்பைநல்லூர்க்காரர் பக்கத்து சீட்டில் தண்ணீர் பாட்டில் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்து கடை ஷட்டரை இறக்கியதும் டீச்சர் கேட்டார். "ஏங்க, இத்தனை வருசத்துச் சண்டை. இனியாச்சும் அவருகிட்டப் போய்ப் பேசலாமில்ல?"

"எப்படிப் பேசறது? எனக்குத்தான் விஷயமே தெரியாதே" என்றார் சார். "அக்காகிட்டச் சொன்னது தம்பிக்குப் போகக்கூடாதுன்னு கேட்டிருக்காரு. அக்கா தலையாட்டீருச்சு."

இப்போது இரண்டு பேரும் ஓசூரில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் தனி வீட்டில் இருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு ஜாக்கெட் துணி எனக்குக் கூரியரில் வரும், கூடவே 'அளவு மாறவில்லை' என்று ஒரு சீட்டு. இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதும்மா, நிஜப் பேரு ஊரு போடாத, அளவு தப்பாப் போட்டுறாத" என்றார் சார். பேரையும் ஊரையும் மாற்றிவிட்டேன், போர்டு ஆறே கால் இஞ்ச் என்று மட்டும் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

அந்த அளவு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பஸ்ஸிலிருந்து வந்து, அவர்கள் இரண்டு பேரும் போனபிறகு, காலியாக விட்ட இடத்தில் 'அக்கா' என்று எழுதினேன். என்னோடு கூடப் பிறந்த நாலு பேரும் ஆம்பளைகள். அதுவரை எனக்கு அக்கா கிடையாது.